மாடு கன்னு வீசுது, வீட்ல ஒருத்தருக்கு காய்ச்சல் விடல: புருசெல்லா டெஸ்ட்டை எப்படி முறையா எடுக்கிறது

எங்க பெரியப்பாவுக்கு மூணு மாசமா பொழுது சாஞ்சா காய்ச்சல், ராத்திரி தலகாணி நனையற அளவுக்கு வேர்வை, காலைல எந்திரிச்சா இடுப்ப நிமித்த முடியாது. டைபாய்டுன்னு ரெண்டு தடவ மருந்து குடுத்தாங்க, கொஞ்ச நாள் விட்டுச்சு, திரும்ப வந்துச்சு. அப்புறம் டிபியா இருக்குமோன்னு சளி டெஸ்ட், எக்ஸ்ரே எல்லாம் பாத்தாங்க. கடைசில ஒரு டாக்டரம்மா தான் "வீட்ல மாடு இருக்கா? சமீபத்துல ஏதாவது கன்னு வீசுச்சா?"ன்னு கேட்டாங்க. வீசுச்சு. ஏழு மாச சினை, கன்னு செத்து விழுந்துச்சு, நஞ்சுக்கொடி விழல, பெரியப்பா தான் வெறுங்கையால உள்ள விட்டு எடுத்தாரு. நான் கால்நடை நோய் கண்டறியற லேப்ல வேலை பாக்குறவ. மாடு கன்னு வீசுன சேதியும் எனக்கு தெரியும், பெரியப்பா காய்ச்சலும் தெரியும், ரெண்டையும் நானும் சேத்து யோசிக்கல. அந்த வருத்தத்துல தான் இத எழுதுறேன்.

புருசெல்லாங்கற கிருமியால வர்ற, புருசெல்லோசிஸ்னு சொல்ற கன்று வீச்சு நோய ஒரே ஒரு டெஸ்ட்ட வச்சு முடிவு பண்ண முடியாது. மாட்டுக்கும் சரி, மனுஷனுக்கும் சரி, கேள்வி முதல்ல, சாம்பிள் ரெண்டாவது, டெஸ்ட் மூணாவது. பெரும்பாலான தப்பு முதல் ரெண்டுல தான் நடக்குது, பழி மட்டும் டெஸ்ட் மேல விழுது.

இந்த ரெண்டு பக்கத்தையும் சேத்து பாக்கணும்ங்கறது புதுசா யாரும் கண்டுபிடிச்சது இல்ல. 1887ல மால்டா தீவுல செத்துப் போன சிப்பாய்களோட மண்ணீரல்ல இருந்து டேவிட் புரூஸ் இந்த கிருமிய பிரிச்சு எடுத்தாரு. 1897ல ஆல்ம்ரோத் ரைட் ரத்தத்தோட சேந்தா கிருமி கொத்தா ஒட்டுதான்னு, அதாவது திரட்சி இருக்கான்னு பாக்குற டெஸ்ட்ட இந்த காய்ச்சலுக்கு கொண்டு வந்தாரு. ஆனா சிப்பாய்களுக்கு இது எங்கிருந்து வருதுன்னு புரியல. 1905ல தெமிஸ்டோகிள்ஸ் சம்மிட்ங்கற மால்டா டாக்டர் அதே திரட்சி டெஸ்ட்ட ஆடுகளோட ரத்தத்துல போட்டு பாத்தாரு, பாக்க நல்லா திடமா இருந்த ஆடுகளே பாசிட்டிவ். 1906ல ராணுவத்துல ஆட்டுப்பால நிறுத்தினாங்க, சிப்பாய்களுக்கு காய்ச்சல் மளமளன்னு குறைஞ்சுச்சு. மனுஷனுக்குன்னு வச்சிருந்த டெஸ்ட்ட ஆட்டுக்கு போட்டு பாத்தது தான் அங்க திருப்பமே.

சந்தேகம் எப்ப வரணும்

மாட்டுல: சினையோட கடைசி பகுதியில, அதாவது அஞ்சு மாசத்துக்கு மேல கன்னு வீசுறது, நஞ்சுக்கொடி நேரத்துக்கு விழாம நிக்கறது, அடுத்தடுத்து சினை நிக்காம போறது, காளைக்கு விதை வீங்கறது, முழங்கால்ல நீர் கோத்து பந்து மாதிரி வீக்கம். ஒரு மாடு தனியா வீசுனா அடிபட்டதாவோ வேற காரணமாவோ இருக்கலாம், ஒரே பட்டியில ஒண்ணு பின்னாடி ஒண்ணு வீசுனா, அதுலயும் புதுசா சந்தையில வாங்கிட்டு வந்த மாடு சேந்த பிறகு வீசுனா, கட்டாயம் சாம்பிள் எடுங்க. எலிக்காய்ச்சல் கிருமி, ஐபிஆர் வைரஸ், நியோஸ்போராங்கற ஒட்டுண்ணி இதெல்லாமும் கன்னு வீச வைக்கும், அதனால சாம்பிள் அனுப்பும்போதே இதுகளுக்கும் சேத்து பாக்க சொல்லிடுங்க.

ஒரு தடவ கன்னு வீசுன மாடு பெரும்பாலும் அடுத்த ஈத்துல நல்லபடியா கன்னு போட்டுடும். இத பாத்து நோய் போயிடுச்சுன்னு நினைச்சுக்கறாங்க, போகல. கிருமி மடியிலயும் நிணநீர் முடிச்சுலயும் உக்காந்துக்கும், பால்லயும் ஈனும்போது வர்ற திரவத்துலயும் வெளிய வந்துகிட்டே இருக்கும்.

மனுஷன்ல: ஏறி எறங்குற காய்ச்சல், வேர்வை, மூட்டு வலி, இடுப்பு வலி, அசதி, ஆம்பளைங்களுக்கு விதை வீக்கம், கல்லீரல் மண்ணீரல் வீக்கம். கிருமி உள்ள போய் பெரும்பாலும் ரெண்டுல இருந்து நாலு வாரத்துல தெரிய ஆரம்பிக்கும், ஆனா அஞ்சு நாள்லயும் வரலாம், அஞ்சு மாசம் கழிச்சும் வரலாம். அதனால "போன வாரம் என்ன சாப்ட்டீங்க"ன்னு கேட்டா பத்தாது, ஆறு மாசம் பின்னாடி போய் கேக்கணும். மாடு ஆடு வச்சிருக்கீங்களா, ஈத்து பாத்தீங்களா, நஞ்சுக்கொடிய தொட்டீங்களா, காய்ச்சாத பால் குடிச்சீங்களா, கறி வெட்டற வேலையா, மாட்டுக்கு ஊசி போடும்போது தவறி கையில குத்திச்சா, லேப்ல வேலை பாக்குறீங்களா, வீட்ல வேற யாருக்காவது இதே மாதிரி காய்ச்சலா. இந்த கேள்விகளுக்கு அஞ்சு நிமிஷம் கூட ஆகாது. பெரியப்பா விஷயத்துல மூணு மாசம் யாரும் கேக்கல.

மாட்டுல சாம்பிள் எடுக்கிறது

ரத்தம் தான் முதல். கழுத்து ரத்தக்குழாய்ல இருந்து 5ல இருந்து 10 மி.லி வரைக்கும், சிவப்பு மூடி டியூப்ல, ரத்தம் உறையாம இருக்க மருந்து போட்ட டியூப் வேண்டாம், ரத்தம் உறைஞ்ச பிறகு பிரியற தெளிஞ்ச நீர், அதாவது சீரம் தான் நமக்கு வேணும். எடுத்ததும் டியூப்ப சாய்ச்சு வச்சு உறைய விடுங்க, குலுக்காதீங்க, வெயில்ல பைக் பெட்டியில போட்டு எடுத்துட்டு வராதீங்க. எங்க லேபுக்கு வர்ற சாம்பிள்ல எனக்கு ரொம்ப மனசு கஷ்டமா இருக்கறது இது தான், ஒரு விவசாயி முப்பது கிலோமீட்டர் தாண்டி வந்து குடுப்பாரு, சீரம் செக்கச்செவேல்னு இருக்கும், ரத்த அணு உடைஞ்சு போயிருக்கும், அதுல போட்ட டெஸ்ட்ட நம்ப முடியாது, திரும்ப போய் எடுத்துட்டு வாங்கன்னு சொல்லணும். சீரத்த பிரிச்சு ஃப்ரிட்ஜ்ல 4 டிகிரில வச்சு ஐஸ் பெட்டியில அனுப்பினா இந்த அலைச்சல் இல்ல.

கூடவே ஒரு சீட்டு. காதுல மாட்டியிருக்கிற 12 இலக்க டேக் நம்பர், வயசு, எத்தனாவது ஈத்து, எந்த மாச சினையில எந்த தேதியில வீசுச்சு, கிடேரியா இருக்கும்போது கன்று வீச்சு தடுப்பூசி போட்டாங்களா, எப்ப போட்டாங்க. கடைசி ரெண்டு கேள்விக்கு பதில் இல்லாம ஒரு பாசிட்டிவ படிக்கவே முடியாது, ஏன்னு கீழ சொல்றேன்.

தேதி எதுக்குன்னா, கன்னு வீசுன அன்னைக்கே ரத்தம் எடுத்தா சில மாடு நெகட்டிவ் காட்டும், கிருமிய எதிர்க்க உடம்பு உண்டாக்குற எதிர்ப்புப் பொருள் அப்ப தான் உருவாகிட்டு இருக்கும். அதனால வீசுன அன்னைக்கு ஒண்ணு, மூணு வாரம் கழிச்சு ஒண்ணுன்னு ரெண்டு தடவ எடுங்க. முதல் நெகட்டிவ வச்சு மாட்ட மத்த மாடுகளோட திரும்ப கட்டிடாதீங்க, ரெண்டாவது ரிசல்ட் வர்ற வரைக்கும் தனியா நிக்கட்டும்.

விழுந்த கன்னும் நஞ்சுக்கொடியும் கிடைச்சா அது ரத்தத்த விட பெரிய ஆதாரம், அதே நேரம் பெரிய ஆபத்தும் அது தான், கிருமி அதுல அள்ளி அள்ளி இருக்கும். இத நீங்களா எடுக்காதீங்க, கால்நடை டாக்டர கூப்பிடுங்க. அவர் ரெண்டு ஜோடி கையுறை, மாஸ்க், கண்ணாடி, ரப்பர் பூட்ஸ் போட்டுட்டு கன்னோட வயித்துல இருக்கிற திரவம், நுரையீரல், மண்ணீரல், நஞ்சுக்கொடியில பூ மாதிரி இருக்கிற பகுதி, மாட்டோட பிறப்புறுப்புல இருந்து ஸ்வாப், இதெல்லாம் எடுப்பாரு. கசியாத டப்பா, அதுக்கு மேல இன்னொரு உறை, அதுக்கு மேல ஐஸ் பெட்டி. மிச்சத்த ஆழமா குழி வெட்டி சுண்ணாம்பு போட்டு புதைக்கணும், நாய் இழுத்துட்டு போனா நோய் அடுத்த கட்டுத்தறிக்கு போயிடும். வீட்ல கர்ப்பமா இருக்கிற பொண்ணுங்க யாராவது இருந்தா அந்தப் பக்கமே வர வேண்டாம்.

தமிழ்நாட்டுல எங்க அனுப்பறதுன்னா, உங்க கால்நடை மருந்தகத்துல குடுத்தா மாவட்ட கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு போகும், அங்கிருந்து தேவைப்பட்டா மேல அனுப்புவாங்க. சென்னை மாதவரத்துல கால்நடை பல்கலைக்கழக லேப் இருக்கு, பெங்களூர்ல நிவேடின்னு சொல்ற தேசிய கால்நடை நோய்ப்பரவியல் நிறுவனம் இருக்கு, ஆராய்ச்சி அளவுல எலைசாவும் (எதிர்ப்புப் பொருள அளக்கற டெஸ்ட்) பிசிஆரும் (கிருமியோட மரபணுவ தேடற டெஸ்ட்) அங்கெல்லாம் நடக்குது.

ரோஸ் பெங்கால்: எளிய டெஸ்ட், ஆனா நேரம் பாத்து பண்ணனும்

பிங்க் கலர் சாயம் ஏத்துன செத்த புருசெல்லா கிருமி தான் இதுல ஆன்டிஜன், அதாவது சீரத்தோட கலந்து பாக்கற பொருள். சீரத்துல எதிர்ப்புப் பொருள் இருந்தா கிருமி ஒண்ணோட ஒண்ணு ஒட்டி திரளும். ஆன்டிஜனோட பிஎச் 3.65 பக்கம் வச்சிருப்பாங்க, அந்த புளிப்பு தான் சம்பந்தமில்லாத சில திரட்சிகள அடக்குது.

முதல்ல ஆன்டிஜன், சீரம் ரெண்டையும் ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து அரை மணி நேரம் வெளிய வச்சு அறை சூட்டுக்கு கொண்டு வாங்க. ஜில்லுன்னு இருக்கும்போதே போட்டா ரிசல்ட் தப்பும். ஆன்டிஜன் பாட்டில மெதுவா கவுத்து கலக்குங்க, அடியில தங்கியிருக்கும். வெள்ளை டைல் இல்லன்னா கண்ணாடி தட்டுல 30 மைக்ரோ லிட்டர் சீரம், பக்கத்துல 30 மைக்ரோ லிட்டர் ஆன்டிஜன், சுத்தமான குச்சியால ரெண்டு சென்டிமீட்டர் வட்டத்துக்கு பரப்பி கலந்து, தட்ட மெதுவா ஆட்டிகிட்டே சரியா 4 நிமிஷம். கண்ணுக்கு தெரியற மாதிரி எந்த திரட்சி இருந்தாலும் பாசிட்டிவ். 4 நிமிஷம் தாண்டி பாக்காதீங்க, ஓரம் காய ஆரம்பிச்சு திரட்சி மாதிரியே தெரியும். நாப்பது சாம்பிள் ஒரே நேரத்துல போட்டுட்டு கடைசி சாம்பிள் படிக்கும்போது எட்டு நிமிஷம் ஆகியிருக்கும், அப்படி பண்ணவே கூடாது, பத்து பத்தா போடுங்க.

தினமும் ஒரு நிச்சயமான பாசிட்டிவ் சீரம், ஒரு நிச்சயமான நெகட்டிவ் சீரம் கூடவே போடணும். இந்த ரெண்டும் சரியா வரலன்னா அன்னைக்கு போட்டது எதையும் எழுதக்கூடாது.

ஆட்டுக்கு வேற அளவு. செம்மறி, வெள்ளாட்டுல சம அளவு போட்டா சில பாசிட்டிவ் தப்பிச்சிடும், அதனால ஒரு பங்கு ஆன்டிஜனுக்கு மூணு பங்கு சீரம், 25க்கு 75ன்னு போடறது நல்லது. இது நிறைய பேருக்கு தெரியறதில்ல, ஆடு தான் மனுஷனுக்கு ரொம்ப கடுமையா வர்ற மெலிடென்சிஸ் வகைய தர்றது, அதனால இங்க கோட்டை விட்டா விலை ஜாஸ்தி.

பால் டெஸ்ட்

ஒவ்வொரு மாட்டுக்கும் ரத்தம் எடுக்க முடியாத இடத்துல, பட்டி முழுசுக்கும் ஒரே பார்வை வேணும்னா பால் வளைய டெஸ்ட். ஒரு மி.லி பச்சைப்பால்ல 30 மைக்ரோ லிட்டர் சாயம் ஏத்துன ஆன்டிஜன், 37 டிகிரில ஒரு மணி நேரம். மேல எழும்புற ஆடை கலர் புடிச்சு, கீழ பால் வெள்ளையா நின்னா பாசிட்டிவ். ஆடை வெள்ளையா, பால் கலரா இருந்தா நெகட்டிவ்.

பால உறைய வச்சிருக்கக்கூடாது, சூடு பண்ணியிருக்கக்கூடாது, வேகமா குலுக்கியிருக்கக்கூடாது, மூணு நாளுக்கு மேல பழசா இருக்கக்கூடாது. சீம்பால், மடிநோய் வந்த மாட்டுப்பால், வத்தப் போற கடைசி நாள் பால், இது மூணும் பொய்யா பாசிட்டிவ் காட்டும். பெரிய பட்டின்னா ஒரு நோய் மாட்டோட பால் மத்ததுல கரைஞ்சு போயிடும், அதனால மாடு எண்ணிக்கைக்கு தகுந்த மாதிரி பால் அளவ கூட்டணும், ஆன்டிஜன் அதே 30 தான். ஆட்டுப்பாலுக்கு இத நம்பாதீங்க. பாசிட்டிவ் வந்தா அந்த பட்டியில ஒவ்வொரு மாட்டுக்கும் ரத்தம் பாக்கணும்னு மட்டும் தான் அர்த்தம், எந்த மாடுன்னு அது சொல்லாது.

ஒரு பாசிட்டிவ எப்படி படிக்கிறது

இங்க தான் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதற பசங்க கூட சறுக்கறத பாக்குறேன். ஒரு கணக்கு போட்டு பாப்போம், எண்கள் புரியறதுக்காக நானா எடுத்துக்கிட்டது. ஆயிரம் மாடு, அதுல நூத்துக்கு ரெண்டு, அதாவது 20 மாட்டுக்கு நிஜமா நோய். நம்ம டெஸ்ட் நோய் இருக்கறதுல 95 சதவீதத்த புடிக்குது, நோய் இல்லாததுல 97 சதவீதத்த சரியா இல்லன்னு சொல்லுது. கேக்க அருமையான டெஸ்ட். ஆனா நிஜ நோய் 20ல 19 பாசிட்டிவ், நோய் இல்லாத 980ல 29 பாசிட்டிவ். மொத்தம் 48, அதுல பாதிக்கு மேல பொய். இதே டெஸ்ட்ட அடுத்தடுத்து கன்னு வீசிகிட்டு இருக்கிற, நூத்துக்கு முப்பது நோய் இருக்கிற ஆயிரம் மாட்டுல போட்டா 285 நிஜம், 21 பொய். டெஸ்ட் மாறல, பட்டி மாறுச்சு, பாசிட்டிவோட அர்த்தமே மாறிடுச்சு. அதனால தான் கன்னு வீசுன கதையும் பட்டியோட கதையும் இல்லாம வெறும் ரிசல்ட் சீட்ட மட்டும் நீட்டினா நான் பதில் சொல்ல தயங்குவேன்.

பொய் பாசிட்டிவ் எங்கிருந்து வருதுன்னா ரெண்டு பெரிய வழி. ஒண்ணு, யெர்சினியா என்டரோகொலிடிகா ஓ9ங்கற கிருமியோட மேல்தோல் சர்க்கரை புருசெல்லாவோடது மாதிரியே இருக்கும், ஈ கோலை ஓ157ம் கொஞ்சம் அப்படித்தான். இன்னொண்ணு தடுப்பூசி. நம்ம ஊர்ல கிடேரி கன்னுக்கு போடற எஸ்19 உயிரோட இருக்கிற, வீரியம் குறைஞ்ச கிருமி. (1923ல ஒரு ஜெர்சி மாட்டுப் பால்ல இருந்து எடுத்த கிருமிய ஒரு வருஷத்துக்கு மேல அறை சூட்டுலயே விட்டுட்டாங்க, அது தானா வீரியம் குறைஞ்சு போச்சு, அதோட வாரிசு தான் இன்னைக்கும் போடறோம்.) இது போட்ட மாடும் கொஞ்ச காலம் டெஸ்ட்ல பாசிட்டிவ் காட்டும், அதனால கன்னுல ஊசி போட்ட மாட்ட ஒன்றரை வயசுக்கு முன்னாடி ரத்த டெஸ்ட்ட வச்சு நோயாளின்னு சொல்லாதீங்க. ஆர்பி51னு இன்னொரு தடுப்பூசி சில நாட்டுல உண்டு, அது ரோஸ் பெங்கால்ல தெரியாது.

இதுக்கெல்லாம் தீர்வு, ரெண்டு கட்டம். முதல்ல ரோஸ் பெங்கால் மாதிரி யாரையும் விடாத டெஸ்ட், அதுல பாசிட்டிவ் ஆனதுக்கு மட்டும் எலைசா இல்ல காம்ப்ளிமென்ட் ஃபிக்ஸேஷன்ங்கற இன்னொரு சீரம் டெஸ்ட். எலைசால காம்பெடிடிவ் வகை, யெர்சினியா மாதிரி வேற கிருமியால வர்ற குறுக்கு வினைய ஓரளவு தள்ளி விடும். ஒரு பட்டியில நோய் இருக்கா இல்லையான்னு முதல் தடவ தேடும்போது ரெண்டு டெஸ்ட்டும் பக்கம் பக்கமா போட்டு எதுல பாசிட்டிவ் வந்தாலும் எடுத்துக்கலாம், ஆனா ஒரு மாட்ட ஒதுக்கி வைக்கற முடிவுக்கு ரெண்டுலயும் பாசிட்டிவ் வேணும். இந்த வித்தியாசத்த கட்டுரையில தெளிவா எழுதுங்க, எழுதாம "இத்தனை சதவீதம் நோய்"னு போட்டா அந்த எண்ண வச்சு யாரும் எதுவும் செய்ய முடியாது.

நிச்சயமா சொல்லணும்னா கிருமியையே காட்டணும். நஞ்சுக்கொடியில இருந்து ஸ்லைடு எடுத்து மாத்தி அமைச்ச சீல் நீல்சன் சாயம் போட்டா சிவப்பு சிவப்பா கொத்தா தெரியும், ஆனா கன்னு வீச வைக்கற வேற சில கிருமியும் அப்படியே தெரியும், அதனால இது சந்தேகத்த கூட்டுமே தவிர முடிக்காது. பிசிஆர்ல பிசிஎஸ்பி31 ஜீனோ ஐஎஸ்711ங்கற மரபணுத் துண்டோ பாத்தா புருசெல்லா தான்னு தெரியும், புரூஸ் லேடர்னு ஒரு பல அடுக்கு பிசிஆர்ல எந்த இனம்னும் பிரிக்கலாம். நாய்ல வர்ற கேனிஸ் இனத்துக்கு ரோஸ் பெங்கால் வேலை செய்யாது, அதோட மேல்தோல் வேற.

மனுஷனுக்கு வருவோம்

ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரத்த கல்ச்சர், அதாவது ரத்தத்துல இருக்கிற கிருமிய வளத்து பாக்குற டெஸ்ட். ரெண்டு மூணு பாட்டில், ஒவ்வொண்ணுலயும் 8ல இருந்து 10 மி.லி. நம்ம ஊர்ல காய்ச்சல்னதும் மெடிக்கல்ல ரெண்டு மாத்திரை வாங்கி போட்டுட்டு தான் டாக்டர்கிட்டயே போறோம், அப்புறம் கல்ச்சர்ல வளராது. புருசெல்லா மெதுவா வளர்ற கிருமி, இப்ப இருக்கிற தானியங்கி மெஷின்ல பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள்ள காட்டிடும், இருந்தாலும் சந்தேகம்னு சொல்லி வச்சா லேப்ல அஞ்சாவது நாள் தூக்கிப் போடாம மூணு வாரம் வரைக்கும் வச்சிருப்பாங்க. ரத்தத்துல வரல, ஆனா சந்தேகம் பலமா இருக்குன்னா எலும்பு மஜ்ஜை கல்ச்சர் இன்னும் நல்லா பிடிக்கும்.

லேபுக்கு சொல்றது அவங்க உயிருக்கும் முக்கியம். லேப்ல வேலை பாக்குறவங்களுக்கு ஒட்டிக்கற கிருமிகள்ல இது முன்வரிசையில இருக்கு, காத்துல தெறிக்கற துளிய சுவாசிச்சாலே போதும். 2019ல சீனாவுல லான்ஜோ நகரத்துல ஒரு தடுப்பூசி தொழிற்சாலையில காலாவதியான கிருமிநாசினிய பயன்படுத்தினதால வெளிய போன காத்துல கிருமி கலந்து, ஆயிரக்கணக்கான ஜனங்க பாதிச்சாங்க. அதுக்கும் முன்னாடி 2010 கடைசியில அதே சீனாவுல ஒரு வேளாண் பல்கலைக்கழகத்துல டெஸ்ட் பண்ணாத ஆட்ட வச்சு பிராக்டிகல் நடத்தி 27 மாணவர்களுக்கும் ஒரு ஆசிரியருக்கும் வந்துச்சு. ஆட்டுக்கு நாலு நிமிஷ ரோஸ் பெங்கால் போட்டிருந்தா போதும். அந்த காலத்து ஆளுங்க கல்ச்சர் பிளேட்ட மோந்து பாத்து கிருமிய சொல்லுவாங்க, அந்த பழக்கம் இந்த கிருமிகிட்ட வேண்டவே வேண்டாம். மெதுவா வளர்ற, குட்டியா மங்கலா சாயம் ஏறுற கிராம் நெகட்டிவ் கிருமி, யூரியேஸ் வேகமா பாசிட்டிவ்னா உடனே பாதுகாப்பு கேபினெட்டுக்கு மாத்துங்க. தானியங்கி மெஷின் சில சமயம் இத ஓக்ரோபாக்ட்ரம்னோ மொராக்செல்லான்னோ தப்பா பேர் சொல்லும், நோயாளியோட கதை ஒத்துப்போனா மெஷின நம்பாதீங்க.

இனி சீரம் டெஸ்ட். தனியார் லேப்ல காய்ச்சல் பேக்கேஜ்னு போடறதுல சில சமயம் ஸ்லைடுல புருசெல்லாவும் சேத்து பாப்பாங்க. அதுல பாசிட்டிவ் வந்தா அதோட நிக்காம டியூப் திரட்சி டெஸ்ட் போட சொல்லி, சீரத்த எவ்வளவு தூரம் நீர்த்தும் திரட்சி தெரியுதுன்னு சொல்ற டைட்டர் எண்ண வாங்குங்க. 1:160 அல்லது அதுக்கு மேல, கூடவே அறிகுறியும் மாட்டு கதையும் ஒத்துப்போச்சுன்னா புருசெல்லோசிஸ்னு எடுத்துப்பாங்க. தினமும் மாட்டோட புழங்கற ஆளுங்களுக்கு பழைய எதிர்ப்புப் பொருள் ரத்தத்துல சுத்திகிட்டே இருக்கும், அதனால அவங்களுக்கு சில டாக்டருங்க 1:320ஐ எல்லையா வச்சுப்பாங்க. ரெண்டு வாரம் இடைவெளியில ரெண்டு சாம்பிள் எடுத்து டைட்டர் நாலு மடங்கு ஏறியிருந்தா இன்னும் உறுதி.

பெரியப்பாவோட முதல் ரிப்போர்ட் நெகட்டிவ். அந்த டாக்டரம்மா விடல, இன்னும் அதிகமா நீர்த்து பாக்க சொன்னாங்க. ஆரம்ப டியூபுகள்ல எதிர்ப்புப் பொருள் அளவுக்கு மீறி இருந்தா ஒண்ணோட ஒண்ணு பின்னி திரளாது, பாக்க நெகட்டிவ் மாதிரியே இருக்கும், நீர்க்க நீர்க்க தான் திரட்சி தெரியும். இத புரோசோன்னு சொல்லுவாங்க. 1:20, 1:40ல தெளிவா இருக்குன்னு நிறுத்திட்டா அதிகமா நோய் இருக்கிறவங்கள தான் வீட்டுக்கு அனுப்புவோம். 1:1280 வரைக்குமாவது நீர்த்து பாருங்க. அவருக்கு மூணாவது டியூப்ல ஆரம்பிச்சு 1:640 வரைக்கும் திரட்சி இருந்துச்சு.

நாள்பட்ட நோய்ல இன்னொரு சிக்கல், எதிர்ப்புப் பொருள் இருக்கும், ஆனா திரள வைக்காத வகையா இருக்கும். அந்த வகையையும் காட்டிக் குடுக்கற கூம்ப்ஸ் டெஸ்ட் வேணும், இல்லன்னா எலைசால ஐஜிஜி, ஐஜிஎம்ங்கற ரெண்டு வகை எதிர்ப்புப் பொருளும் பாக்கணும். 2எம்இங்கற ரசாயனம் சேத்து போடற திரட்சி டெஸ்ட் ஐஜிஎம்ம உடைச்சிடும், மிச்சம் திரள்றது ஐஜிஜி, அது நோய் இன்னும் நடந்துகிட்டு இருக்கிறதுக்கான அடையாளம். ஐஜிஎம் மட்டும் தனியா பாசிட்டிவ் வந்து மாட்டு கதையே இல்லாதவங்களுக்கு அவசரப்பட்டு பேர் வச்சிடாதீங்க.

இடுப்பு வலி அதிகமா இருக்கறவங்களுக்கு எம்ஆர்ஐ எடுக்கும்போது முதுகெலும்புல அரிப்பு தெரியும், நம்ம ஊர்ல உடனே டிபின்னு தான் நினைப்பு போகும். புருசெல்லா பெரும்பாலும் கீழ் இடுப்பு எலும்பையும் இடுப்பு மூட்டையும் புடிக்கும், டிபி மாதிரி எலும்ப நொறுக்கி கூனாக்கறது கம்மி, ஆனா படத்த மட்டும் வச்சு பிரிக்க முடியாது. இதுல ஒரு விஷயம் ரொம்ப கவனிக்கணும், டிபி மாத்திரையில இருக்கிற ரிஃபாம்பிசின் புருசெல்லாவுக்கும் வேலை செய்யும், அதனால டிபி மருந்துல கொஞ்சம் குணமான மாதிரி தெரிஞ்சு, அப்ப டிபி தான்னு தப்பா உறுதி ஆகிடும். டிபி மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே புருசெல்லா சீரம் அனுப்பிடுங்க. இதய வால்வுல முணுமுணுப்பு கேட்டா எக்கோ கட்டாயம், இந்த நோய்ல சாவு ரொம்ப கம்மி, வர்ற சாவுல பெரும்பாலானது அந்த வால்வு வழியா தான்.

மருந்து டாக்டர் பாத்து குடுக்கறது, பொதுவா டாக்சிசைக்ளினோட இன்னொண்ணு சேத்து ஆறு வாரம். அது முடிஞ்ச பிறகும் டைட்டர் மாசக்கணக்குல இருக்கும். பெரியப்பா மருந்து முடிச்ச மறுமாசம் ரிப்போர்ட்ல 1:160ன்னு பாத்துட்டு பதறிட்டாரு. குறைஞ்சுகிட்டு வருதா, காய்ச்சல் இல்லையா, எடை ஏறுதா, இது தான் பாக்கணும். திரும்ப வர்றதுன்னா பெரும்பாலும் முதல் ஆறு மாசத்துல வரும், அதனால அது வரைக்கும் விடாம போய் காட்டுங்க.

ரெண்டு பக்கமும் சேர்ற இடம்

மனுஷனுக்கு உறுதி ஆனா அன்னைக்கே கால்நடை மருந்தகத்துக்கு சொல்லுங்க, வீட்டு மாடு ஆடு எல்லாத்துக்கும் ரத்தம் எடுக்கணும். மாட்டுக்கு உறுதி ஆனா பால் கறக்கறவங்க, ஈத்து பாத்தவங்க, பச்சைப்பால் குடிச்ச குழந்தைங்க எல்லாரையும் பத்தி டாக்டர்கிட்ட சொல்லுங்க, காய்ச்சல் இருக்கறவங்களுக்கு உடனே டெஸ்ட். பால கொதிக்க வச்சா கிருமி செத்துடும், 72 டிகிரில 15 செகண்டே போதும், அதனால பால ஊத்திட வேண்டாம், பச்சையா மட்டும் யாரும் தொடக்கூடாது.

எங்க வீட்டுல ஆறு மாட்டுக்கும் எடுத்தோம். கன்னு வீசுனதும் இன்னொண்ணும் ரெண்டு டெஸ்ட்லயும் பாசிட்டிவ், ஒண்ணு ரோஸ் பெங்கால்ல மட்டும் லேசா, மூணு வாரம் கழிச்சு எடுத்தப்ப அது நெகட்டிவ் ஆயிடுச்சு. பாசிட்டிவ் ரெண்டையும் தனி கொட்டாய்க்கு மாத்தினோம், விக்கல, வித்தா அடுத்த வீட்டு பெரியப்பாவுக்கு வரும். மிச்ச நாலுக்கும் விட்டு விட்டு திரும்ப டெஸ்ட் எடுத்துகிட்டு இருக்கோம், ஏன்னா ஒரு தடவ நெகட்டிவ்னா முடிஞ்சதா அர்த்தம் இல்ல, சினை மாடுங்க ஈனி முடிக்கிற வரைக்கும் பாக்கணும்.

கிடேரி கன்னு ஒண்ணு இருக்கு, இப்ப அஞ்சு மாசம். 2019 செப்டம்பர்ல ஆரம்பிச்ச தேசிய திட்டத்துல 4ல இருந்து 8 மாச கிடேரி கன்னுக்கு எஸ்19 இலவசமா போடறாங்க, ஆயுசுக்கு ஒரே ஊசி. காளைக் கன்னுக்கும் சினை மாட்டுக்கும் போடக்கூடாது. போடறவர் கையுறையும் கண்ணாடியும் போட்டிருக்கணும், ஊசி தவறி கையில குத்துனா "எஸ்19 குத்திடுச்சு"ன்னு சொல்லி அன்னைக்கே டாக்டர பாக்கணும். போன செவ்வாய்க்கிழமை கன்னுக்கு போட்டாச்சு, தேதியையும் டேக் நம்பரையும் பெரியப்பாவே நோட்டுல எழுதி வச்சிருக்காரு.